ஏழாவது பீரோ, ஐந்தாவது டிராயர்

ஜூன் 3, திங்கள்

பணிக்குறிப்பு எழுதி வைக்கச் சொல்லி எஸ்தர் அம்மா இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார். இருநூறு பக்கம், நீல அட்டை. எந்த டிராயரைத் திறந்தோம், உள்ளே என்ன இருந்தது, எத்தனை அட்டையைப் பூச்சி அரித்திருக்கிறது என்று அன்றன்று சாயங்காலம் எழுதி, வேலை முடிகிற நாளில் அவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். "எழுதிருவீங்கல்ல ஐயா?" என்று கேட்டார். நோட்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கு எழுதவும் வராது, வாசிக்கவும் வராது. எண் தெரியும். பஸ் நம்பர் தெரியும். கையெழுத்துக் கேட்டால் என் பெயரைக் கோலம் போடுகிற மாதிரிப் போட்டுவிடுவேன். இதை எழுதுவது என் மருமகள் செண்பகவல்லி. அங்கன்வாடியில் பதினெட்டு வருஷமாகப் பதிவேடு எழுதுகிற கை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். ஒப்படைக்கும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

நான் மாசானமுத்து, வயசு எழுபத்தாறு. பாளையங்கோட்டைப் பொருநை அகராதி நிலையத்தில் எழுபத்தொன்றாம் வருஷம் ஏவலாளாகச் சேர்ந்தேன். மூன்று பாகம் அச்சாகி வந்தது. ப-வில் தொடங்கிக் கடைசி எழுத்து வரைக்குமான நாலாவது பாகம் வரவே இல்லை. நிலையத்தை மூடினார்கள். அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டுக்கு நான்தான் காவல்.

இப்போது அந்த நாலாவது பாகத்தை முடிக்க எஸ்தர் அம்மா வந்திருக்கிறார். கல்லூரியில் பேராசிரியை. பத்துத் தேக்குப் பீரோ, பீரோவுக்குப் பத்து டிராயர், எல்லாவற்றிலும் சொல் எழுதிய அட்டைகள். டிராயரில் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் பாச்சை தின்றுபோய்விட்டது. எதில் எது என்று தெரிந்த ஆள் உயிரோடு இருப்பது நான் ஒருத்தன்தான்.

நூறு டிராயரையும் இன்றைக்குச் சொல்லி முடித்தேன். அம்மா சாக்பீஸால் எழுதிக்கொண்டே வந்தார். சந்தேகத்துக்கு மூன்றைத் திறந்து பார்த்தார், சரியாக இருந்தது. படம் எடுக்கிற மிஷினோடு வந்திருக்கும் முபாரக், மேலப்பாளையத்துக்காரர், நாற்பது வயசு, "அண்ணாச்சி, ஒங்க தலைக்குள்ள எந்த ஆசாரி பீரோ செஞ்சு வச்சான்?" என்று கேட்டார்.

திறந்தது: மூன்று. பூச்சி: இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம் பிடித்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

புலவர் ஞானசிகாமணி ஐயாதான் அகராதியின் ஆசிரியர். அவர் தலைச்சொல் அட்டை எடு என்றால், அரை இஞ்சு உயரமாக நிற்கிற மஞ்சள் அட்டையை எடுப்பேன். மேற்கோள் அட்டை என்றால் குட்டையான வெள்ளை. தலை நீட்டிக்கொண்டு நிற்பதால் தலைச்சொல் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இன்றைக்கு எஸ்தர் அம்மா முபாரக்குக்கு விளக்கிச் சொன்னதை நானும் மேசை துடைக்கிற சாக்கில் கேட்டேன். எந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறோமோ அது தலைச்சொல். அதற்குக் கீழே வருவதெல்லாம் அதன் குடும்பம். அந்தச் சொல்லை ஒருத்தர் எங்கேயோ எழுதியிருக்கிறார், பேசியிருக்கிறார் என்று எடுத்துக்காட்டுகிற வாக்கியம் மேற்கோள். அதாவது சாட்சி. அட்டையின் வலது அடி மூலையில் இருக்கிற சின்ன எழுத்து, மூலம். அந்தச் சாட்சி எந்த ஊர், யார் வீடு என்கிற விவரம்.

"மூலம் எழுதாத அட்டைய நான் எடுத்துக்க மாட்டேன் முபாரக். அது வதந்தி" என்றார் அம்மா.

இதையெல்லாம் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். என்ன தூக்கினேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஜூன் 5, புதன்

மிஷினுக்குக் கரண்ட் இல்லை. சும்மா இருந்தோம்.

ஜூன் 7, வெள்ளி

முன்னறைப் புத்தக அலமாரியைத் தூசி தட்டினோம். அங்கே இருக்கிற புத்தகங்கள் எனக்கு நிறத்திலும் கனத்திலும் தெரியும். நிகண்டு கேட்டால் மெலிசான காக்கி அட்டை. கலைக்களஞ்சியம் கேட்டால் இரண்டு கையும் வேண்டும். சொல்லடைவு என்றால் முதுகு கிழிந்த கறுப்பு.

இதற்கெல்லாம் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. புலவர் ஐயாவிடம் கேட்டிருந்தால், அதான் உள்ளே போட்டிருக்கிறதே என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவாரோ என்று பயம்.

அம்மா பொறுமையாகச் சொன்னார். அகராதி சொல்லுக்குப் பொருள் சொல்லும், அ தொடங்கி வரிசையாகப் போகும். கலைக்களஞ்சியம் சொல்லைப் பற்றிப் பேசாது, பொருளைப் பற்றிப் பேசும். யானை என்று எடுத்தால் யானை எங்கே பிறக்கும், எத்தனை மாசம் சினை என்பது வரைக்கும் சொல்லும். சொல்லடைவு பொருளே சொல்லாது. இந்தச் சொல் எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது அடியில் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எங்கள் தெருத் தபால்காரர் மாதிரி என்றேன். வீட்டைக் காட்டுவார், ஆள் எப்படி என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார். அம்மா சிரித்துவிட்டு அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நிகண்டுதான் எனக்குப் பிடித்தது. ஒரே பொருளுக்கு உரிய சொற்களையெல்லாம் பாட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்களாம். மனப்பாடம் செய்வதற்காகவே செய்தது. ஏடு இல்லாத இடத்திலும் வாயிலேயே இருக்க வேண்டும் என்று. அந்தக் காக்கி அட்டையைக் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்து வைத்தேன்.

ஜூன் 8, சனி

நாலாவது பாகத்துக்கான அட்டைகள் ஏழாவது பீரோவிலிருந்து பத்தாவது வரை. திங்கட்கிழமை படம் எடுக்கத் தொடங்குகிறார்கள். ஏழிலிருந்து போகலாம் என்றார் அம்மா. பத்திலிருந்து பின்னோக்கி வரலாம், சுவரோரம் இருப்பதால் கரையானுக்கு முந்த வேண்டும் என்றேன். நல்ல யோசனை என்று ஒத்துக்கொண்டார்.

கரையான் அங்கே இல்லை. அது எனக்குத் தெரியும்.

(இந்தக் கடைசி வரியை எழுதாதே என்றார் மாமா. எழுதிவிட்டேன். – செ.)

ஜூன் 10, திங்கள்

திறந்தது: பத்தாவது பீரோ, ஆறு டிராயர். பூச்சி: இல்லை. சாயங்காலம் சாரல் விழுந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்று டீக்கடையில் சொன்னார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

ஏழாவது பீரோவைப் பார்க்கிறபோதெல்லாம் ஏன் மாமா முகம் மாறுது என்று செண்பகம் கேட்டுவிட்டாள். நேற்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்குக் கொண்டுவந்தபோது பார்த்திருக்கிறாள். நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். எழுது. பிறகு கிழித்துவிடு.

எண்பத்து நாலு ஐப்பசி. அடைமழை. பின்னறையில் ஓடு ஒழுகியது. புலவர் ஐயா மெட்ராஸ் போயிருந்தார். டிராயர்களை முன்னறைக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துக் கொண்டுபோனேன். ஏழாவது பீரோ, ஐந்தாவது டிராயர். நிலைப்படியில் கால் வழுக்கியது. உள்ளே கோத்திருக்கிற கம்பி கழன்று, நானூறு அட்டையும் ஈரத் தரையில் விரிந்துவிட்டது.

வேட்டியை அவிழ்த்து ஒவ்வொரு அட்டையாக ஒற்றி எடுத்தேன். காய வைத்தேன். அதுவரைக்கும் சரி. திருப்பி அடுக்க வேண்டுமே. கம்பி போகிற ஓட்டை அடிப்பக்கம் இருப்பதால் எது மேல், எது கீழ் என்று தெரிந்துவிடும். எது முன்னே, எது பின்னே என்று எனக்கு எப்படித் தெரியும்? உயரமான மஞ்சள் அட்டையெல்லாம் முன்னால் வைத்தேன். வெள்ளை அட்டையில் நீல மை ஒரு பக்கம், கறுப்பு மை ஒரு பக்கம். கம்பியைச் செருகி மூடிவிட்டேன்.

மறுநாள் கனகசபை சார் வந்தார், அட்டைகளை வரிசைப்படுத்தி அடுக்குகிற வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரைநாளில் சரிசெய்திருப்பார். நீயே அடுக்கியிருக்கலாமே மாசானம் என்று கேட்டால் என்ன சொல்வது? வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஐயா கேட்டார், "வாசிப்பியா?" என்று. "வாசிப்பேன்யா" என்று சொல்லிவிட்டேன். அகராதி நிலையத்துக்கு வேலை கேட்டுப் போனவன் வேறு என்ன சொல்ல முடியும்?

ஐயா மெட்ராஸிலிருந்து வந்தார். ஏழாவது பீரோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. தை பிறக்கும்போது வேலை நின்றுவிட்டது. மறு வருஷம் ஐயாவும் காலமாகிவிட்டார். அந்த டிராயரைத் திறந்து பார்த்துவிட்டார், பார்த்து மனசு விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்திருக்கிறேன். காவல் காத்த இருபது வருஷமும் மற்ற டிராயரையெல்லாம் துடைப்பேன். அதை மட்டும் இழுத்ததில்லை.

செண்பகம் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, சொதி சூடாக்கட்டுமா என்று கேட்டாள்.

ஜூன் 13, வியாழன்

சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம் போய்விட்டு, அகராதி நிலையத்துக்குப் போகப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. வராந்தாவில் ஒரு காலி டிராயரைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் வலது மூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அன்றைக்கு விழுந்தபோது பெயர்ந்தது. எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

முபாரக் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பின்னாலிருந்தே வந்துகொண்டிருந்தால் போரடிக்கிறது என்று இன்றைக்கு ஏழிலிருந்து எடுக்கத் தொடங்கினார்களாம், ஐந்து டிராயர் முடிந்ததாம். ஐந்தாவது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அதுவா, கலைஞ்சு கெடந்துது. அதுக்கென்ன அண்ணாச்சி?"

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். எஸ்தர் அம்மா ஒவ்வொரு அட்டையின் தலைச்சொல்லையும் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றியிருந்தார். முபாரக் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினார். திரையில் எழுத்தெல்லாம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அம்மா வாசித்தார்: பரண், பரப்பு, பரல், பரிசல், பருத்தி. ஒன்றன்பின் ஒன்றாக, கனகசபை சார் அடுக்கின மாதிரியே.

"எவ்வளவு நேரம் பிடிக்கும் இதுக்கு?"

"நீங்க இப்ப கண்ண சிமிட்டுனியள்ளா, அவ்வளவு நேரம்."

நாற்பது வருஷம். எனக்குச் சந்தோஷமா எரிச்சலா என்று தெரியவில்லை. கொல்லைக் குழாயில் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது அம்மா அந்த டிராயரின் அட்டைக் கட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரோ ரொம்பக் கவனமா அடுக்கியிருக்காங்க ஐயா. உயரம் பார்த்து, மை நிறம் பார்த்து. ஒண்ணுகூடத் தலைகீழா இல்ல" என்றார். அப்படியா என்றேன்.

எதிர்க் கடையில் இரண்டு உளுந்தவடை சாப்பிட்டேன். சாப்பிடக் கூடாதுதான்.

ஜூன் 14, வெள்ளி

எஸ்தர் அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. முன்பெல்லாம், இந்த அட்டையைப் பாருங்க ஐயா என்று கையில் கொடுப்பார். நான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பேன். இப்போது எதையும் கையில் கொடுப்பதில்லை, சத்தமாக வாசித்தே காட்டுகிறார். நாள் முழுக்க இப்படி வாசித்தால் தொண்டை என்னத்துக்கு ஆகும். நாளைக்குச் சுக்கு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மத்தியானம் பழைய கோப்பு ஒன்றை வாசித்தார். எண்பத்து நாலு ஆகஸ்டு இருபத்தேழாம் தேதிக் கடிதம். அகராதிக்கு இனிப் பண உதவி கிடையாது, இருப்பதோடு நிறுத்திக்கொள்ளவும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டதாம். இப்படி ஒன்று வந்தது நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

நினைவிருக்கிறதாவா? ஆகஸ்டு முடிகிற வாரம், வியாழக்கிழமை. பழுப்புக் கவர், பின்னால் சிவப்பு அரக்கு. ரிஜிஸ்டர் தபால். தபால்காரருக்குக் கோலக் கையெழுத்துப் போட்டு வாங்கி ஐயா மேசையில் வைத்தது நான்தான். ஐயா படித்தார். நாலாக மடித்தார். சீனி போடாமல் ஒரு காப்பி கொண்டுவா மாசானம் என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, அதனால் அது மறக்கவில்லை.

ஆவணியில் கடிதம். ஐப்பசியில் டிராயர் விழுந்தது. சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் ஐயா மெட்ராஸ் போயிருக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. அகராதி முன்னமே நின்றுவிட்டது.

அதோடு இன்னொன்று. ஐயா அந்த டிராயரைத் திறந்திருந்தால் அப்படியே விட்டிருக்க மாட்டார். ஒரு அட்டை திரும்பியிருந்தாலே மூன்று தடவை பார்க்கிற மனுஷன். நான் வைத்தது வைத்தபடி நேற்று வரைக்கும் இருந்திருக்கிறது. அவர் திறக்கவே இல்லை. பார்க்காமலே போயிருக்கிறார்.

செண்பகம், இதை இன்னொரு தடவை எழுது. அவர் திறக்கவே இல்லை.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத், வேலை இல்லை. மத்தியானம் படுத்தவன் நாலரை மணிக்குத்தான் எழுந்தேன். உடம்புக்கு முடியவில்லையோ என்று செண்பகம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம்.

ஜூன் 18, செவ்வாய்

முபாரக் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது.

எட்டாவது பீரோவின் அடி டிராயரை இழுத்தோம். இங்கே நிஜமாகவே பூச்சி. நாற்பத்து மூன்று தலைச்சொல் அட்டையில் மேலே சொல் மட்டும் இருக்கிறது, கீழே பொருள் எழுதின இடமெல்லாம் சல்லடை. இதையெல்லாம் படியெடுத்து அச்சகத்துக்கு அனுப்பிய கட்டு இருந்தால் கவலையில்லை. அச்சகத்தை மூடினபோது அதுவும் போய்விட்டது. அம்மா நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் அட்டை என்ன என்று கேட்டேன். மடை என்றார்.

எனக்கு வாய் தானாக வந்தது. "மடை, பெயர்ச்சொல், முற்றுப்புள்ளி. எண் ஒன்று, வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் பாயுமாறு அடைத்தும் திறந்தும் விடும் வழி, அரைப்புள்ளி. எண் இரண்டு, தெய்வத்துக்குப் படைக்கும் சோறு, முற்றுப்புள்ளி. அடுத்து."

முபாரக் சிரித்து உருண்டுவிட்டார். "புள்ளிய எல்லாம் எதுக்கு அண்ணாச்சி சொல்லுதிய?"

ஒப்புநோக்கல் என்று ஒன்று உண்டு. அச்சுக்குப் போகிற கட்டைக் கனகசபை சார் சத்தமாக வாசிப்பார், புள்ளி, காற்புள்ளி உட்பட. அந்தப் பக்கம் ஒருத்தர் அட்டையைப் பார்த்துச் சரி என்பார். முற்றுப்புள்ளி, அடுத்து என்றதும் அட்டையைத் திருப்பி வைப்பது என் வேலை. நாலாவது பாகம் முழுக்கவும் இரண்டு வருஷம் திருப்பினேன். கேட்டது போகாது எனக்கு. அட்டையில் எனக்கு அடையாளம் தெரிந்தது அந்தக் கடைசிப் புள்ளி ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒப்புநோக்கலைச் சொன்னேன், புள்ளியை மட்டும் பார்த்த கதையை அம்மாவிடம் சொல்லவில்லை. அரித்துப்போகாத அட்டைகளை எடுத்து என்னைச் சோதித்தார். இருபதுக்கு இருபது. சாயங்காலத்துக்குள் பதினாறு சொல் சொல்லி முடித்தேன்.

ஜூன் 20, வியாழன்

நாற்பத்து மூன்றும் முடிந்தது. அம்மா புது மஞ்சள் அட்டை வெட்டி எல்லாவற்றையும் எழுதிவிட்டார். வலது அடி மூலை மட்டும் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, இந்த வேலைக்குப் பணம் கொடுக்கிற அறக்கட்டளையின் செயலாளர் வந்து நின்றார். பெரிய ஆட்கள் வந்தால் எனக்குப் பழைய பயம் வந்துவிடுகிறது. அம்மா கேட்டார்: "மூலம் என்னன்னு போடட்டும் ஐயா? கையெழுத்துப் படியில நீங்க வாசிச்சதுன்னு போடவா? வேற எப்படி இருந்தாலும் சொல்லுங்க."

செயலாளர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாசிச்சதுன்னே போடுங்கம்மா" என்றேன்.

அம்மா எழுதத் தொடங்கினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 21, வெள்ளி

ஒன்றும் இல்லை. அரிசி வாங்க வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

திறந்தது: எட்டாவது பீரோ, மீதி. பூச்சி: இல்லை.

இன்றைக்குக் கற்றுக்கொண்ட சொல், நோக்கு நூல். முன்னறை அலமாரியில் இருப்பதெல்லாம் அதுதானாம். கதைப் புத்தகம் மாதிரி முதலிலிருந்து கடைசி வரை யாரும் வாசிப்பதில்லை. ஒரு சந்தேகத்தோடு வருவார்கள், பார்ப்பார்கள், நம்பிக்கொண்டு போவார்கள். அம்மா முபாரக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு நோக்கு நூலில் பொய் ஒன்று ஏறிவிட்டால் அடுத்த நூல் அதைப் பார்த்து எழுதும், அதைப் பார்த்து அடுத்தது எழுதும், நூறு வருஷம் ஆனாலும் இறங்காது என்று.

நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

டிராயர் விழுந்ததால் அகராதி கெட்டது என்று நாற்பது வருஷம் நினைத்தேன். அது கெடவில்லை. கெடுக்காததற்கே அத்தனை பயம். இப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பத்து மூன்று அட்டையில் பொய் எழுதச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறேன். நாற்பத்து மூன்று சாட்சிக்கும் விலாசம் பொய்.

ஜூன் 26, புதன்

பழைய விஷயம்தானே மாமா, யார் போய்ப் பார்க்கப்போறா என்றாள் செண்பகம். அங்கன்வாடிப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் எடையை நிறுக்காமல் சும்மா எழுதிவிடுவாயா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள்.

ஜூன் 27, வியாழன்

நாளைக்குக் கடைசி நாள். நோட்டை ஒப்படைக்க வேண்டும். செண்பகம் ஸ்கேலையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எந்தெந்தப் பக்கம் போக வேண்டும் என்று எண்ணினாள். முதல் பக்கம். கரையான் பக்கம். டிராயர் விழுந்த மூன்று பக்கம். ஆகஸ்டுக் கடிதம். மூலம் சொன்னது. "மாமா, இதெல்லாம் போனா நோட்டுல அரிசியும் தண்ணியுந்தான் மிஞ்சும்" என்றாள்.

ஒன்றையும் கிழிக்க வேண்டாம் என்றேன்.

"நெசமாவா சொல்லுதிய?"

"ஆமா தாயி. அப்படியே இருக்கட்டும்."

அவள் பிளேடைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். தோசை கேட்டேன். நாலு சாப்பிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

நோட்டு திரும்பி வந்துவிட்டது, அதனால் இதையும் எழுதுகிறோம்.

காலையில் போனதும் கொடுத்தேன். அம்மா மேசையில் வைத்துப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். நான் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேலை பார்த்த காலத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. முபாரக் வயரையெல்லாம் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் இருக்கும். நடுவில் ஒரு இடத்தில் அம்மா சிரித்தார். சுக்கு விஷயமாக இருக்கும். வேறோர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முடித்துவிட்டு, செண்பகவல்லி கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். டிராயரைப் பற்றி ஒன்றும் இல்லை. வாசிப்பேன் என்று சொன்னதைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் என்னென்னவோ பதில் தயார்செய்து வைத்திருந்தேன். எல்லாம் வீணாகிவிட்டது.

மேசை அறையைத் திறந்து அந்த நாற்பத்து மூன்று அட்டையையும் எடுத்து வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். பொருள் எழுதியதெல்லாம் கறுப்பு மை. மூலையில் மட்டும் வேறு மாதிரி, சாம்பலாக, மினுமினுவென்று இருந்தது.

"மூலத்த மட்டும் பென்சில்லதான் எழுதி வச்சிருந்தேன் ஐயா" என்றார்.

ரப்பரை எடுத்து அழிக்கத் தொடங்கினார். நாற்பத்து மூன்றுக்கும் நேரம் பிடித்தது. பாதியை முபாரக் வாங்கிக்கொண்டு, மறுபடி படம் எடுக்கணும், வயரெல்லாம் கட்டியாச்சு, அண்ணாச்சிக்கு நேத்தே புத்தி வந்திருக்கக் கூடாதா என்று முனகிக்கொண்டே அழித்தார். ரப்பர் தூளை நான் ஊதினேன்.

அம்மா பேனாவை எடுத்து, முதல் அட்டையில், மடையில், எழுதினார். எழுதிவிட்டு வாசித்தார்: "மா.மு., வாய்மொழி. ஒப்புநோக்கலில் கேட்டது." மா.மு. என்றால் நான்தானாம். அகராதி முகப்பில் சுருக்கக் குறியீடுகளின் விளக்கம் என்று ஒரு பட்டியல் வருமாம். இன்னின்ன எழுத்து இன்னாரைக் குறிக்கும் என்று சொல்வது. யாரும் வாசிக்காத பக்கம் அதுதான், ஆனால் அது இல்லாமல் உள்ளே இருக்கிற எதுவும் நிற்காது என்றார். அதில் என் பெயரும், அதற்கு நேரே வாய்மொழி என்பதும் இருக்கும்.

"சரியா இருக்கா பாருங்க ஐயா" என்று அட்டையை என் கையில் கொடுத்தார். இரண்டு வாரத்துக்குப் பிறகு கையில் கொடுத்தது இதுதான்.

கண்ணாடி கொண்டுவரவில்லை என்று நான் சொல்லவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கடைசி எழுத்து வரை பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் வெறும் மஞ்சள்தான் இருந்தது.

"முற்றுப்புள்ளிய விட்டுட்டியளேம்மா" என்றேன்.

அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே புள்ளியை வைத்தார்.